பெட்ரோலில் கரைந்த ஈயமும் கரையும் வெள்ளியும்

நம் நாட்டில் எந்த நிறுவனத்தின் நிலையத்தில் எண்ணெய் போட்டாலும் விலை ஒன்றுதான். 1983இல் வந்த தானியங்கி விலை நிர்ணய முறை அப்படி. கோழிக்கும் மீனுக்கும் கடை கடையாக விலை கேட்கும் நாம், பெட்ரோலுக்கு மட்டும் அலைவதில்லை. விலையில் போட்டி போட வழியில்லாத நிறுவனங்கள் வேறு எதில் போட்டி போடும்? பெட்ரோலுக்குள் கலக்கும் மருந்தில்தான். 'இயந்திரத்தைச் சுத்தமாக்கும்', 'இழுவை கூடும்', 'எண்ணெய் மிச்சமாகும்' என்று பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிறார்களே, அத்தனையும் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு தேக்கரண்டிகூட வராத சேர்க்கைப் பொருளைப் பற்றிய பேச்சு.

மெர்சிங்கில் நான் பட்டறை வைத்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. கார், மோட்டார், படகு இயந்திரம் எல்லாம் பார்க்கிறேன். வாரத்தில் ஒருவராவது கையில் ஒரு புட்டியோடு வந்து நிற்பார். "அண்ணே, இத ஊத்துனா வண்டி நல்லா இழுக்குமாம். ஊத்தலாமா?" ஒரு புட்டி இருபது வெள்ளி, முப்பது வெள்ளி. சிலர் மாதாமாதம் ஊற்றுகிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. புட்டிக்குள் இருப்பது ஒரே சரக்கு இல்லை. அதைவிட முக்கியம், பெட்ரோலில் மருந்து கலக்கும் பழக்கத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதல் அத்தியாயம் நல்லதாக இல்லை.

இயந்திரத்துக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்குகிறது. பிளக் பொறி விடுகிறது. காய்ந்த லாலாங் புல்லில் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலைக்குப் பரவுவதுபோல, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ ஓரம்வரை சீராகப் போய்ச் சேர வேண்டும். சில நேரம் தீ வந்து சேருமுன்பே, ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகப் பற்றி வெடித்துவிடும். மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கிறதே, அதுதான். பட்டறையில் 'நோக்கிங்' என்போம். விட்டுவைத்தால் பிஸ்டனின் தலையே உடையும்.

இந்தத் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 95 பங்கு முன்னதும் 5 பங்கு பின்னதும் கலந்த கலவை எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுக்குத் தாங்கும் பெட்ரோல் ரோன் 95. இந்த எண்ணுக்கும் வலிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அழுத்த விகிதம் குறைந்த கப்சாய் மோட்டாரில் ரோன் 97 ஊற்றினால் கூடுவது செலவு ஒன்றுதான். அதிக அழுத்தத்தில் இயங்கும் கார்களுக்கும், கையேட்டிலேயே 97 கேட்கும் கார்களுக்கும்தான் அது தேவை. நம் ஊரில் ரோன் 97 விற்பனைக்குச் சிங்கப்பூர் வண்டிகளும் ஒரு காரணம். வெளிநாட்டுப் பதிவுள்ள வாகனங்கள் ரோன் 95 போடக்கூடாது என்ற தடை 2010இல் வந்தது. தியோமான் போகும் கூட்டம் காரைப் படகுத்துறைப் பக்கம் நிறுத்துமுன் 97 போட்டுக்கொள்கிறது.

இனி அந்த முதல் அத்தியாயம்.

1921ஆம் ஆண்டு டிசம்பர் 9. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், தட்டிக்கொண்டிருந்த இயந்திரத்தில் ஒரு திரவத்தைச் சிறிதளவு கலந்தார். தட்டல் நின்றது. அந்தத் திரவம் டெட்ரா எத்தில் ஈயம். ஒரு ஈய அணுவைச் சுற்றி நான்கு எத்தில் கூட்டுகள். சூட்டில் அது பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஈய ஆக்சைடு துகள்களாகும். தீ வருமுன் ஓரக் கலவையில் தொடங்கும் வேதிவினைச் சங்கிலியை அந்தத் துகள்கள் இடையில் அறுத்துவிடும். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் கலந்தாலே போதும். 1923 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை.

ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது மிட்ஜ்லிக்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் கெட்டரிங்குக்கும் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. ஈயத் திரவத்துக்கு வாங்கலாம்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவம் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்து, அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார், மூக்கருகே வைத்து முகர்ந்தும் காட்டினார். ஆபத்தில்லை என்று நிரூபிக்கத்தான். அதற்கு முந்தைய ஆண்டு அவரே ஈய நஞ்சேறிச் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் போய்வந்தவர் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. ஆலிஸ் ஹாமில்டன், யாண்டெல் ஹெண்டர்சன் போன்ற மருத்துவ அறிஞர்கள் 1925இலேயே எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் ஈயப் பெட்ரோல்தான் ஓடியது. குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பயன்பட்டு, பிறகு ஓசோன் படலத்தைக் கெடுத்த வாயுவைக் கொடுத்தவரும் இதே மிட்ஜ்லிதான். ஒரே மனிதர் இரண்டு முறை உலகத்தின் காற்றைக் கெடுத்தார் என்று சொன்னால் பட்டறைப் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

உருளைக்குள் ஈயம் படிந்துவிடக்கூடாதே என்று அதோடு புரோமின் கலந்த இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். அது ஈயத்தை ஆவியாக்கி எக்சோஸ் வழியாக வெளியே அனுப்பிவிடும். இயந்திரத்துக்கு நல்லது, தெருவில் நிற்பவருக்கு இல்லை. லிட்டருக்கு அரை கிராம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 40 லிட்டர் தொட்டி ஒன்றில் 20 கிராம் ஈயம். நம் மீனவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தொட்டி நிரப்பும்போதும் அப்படியொரு குண்டைத் தூளாக்கி, அதில் பெரும்பங்கைத் தெருவில் தூவியபடி போனது ஒவ்வொரு காரும். மாவு அரைத்தால் மாவு கீழே படியும், துடைக்கலாம். இந்தத் தூள் மூச்சில் போகும், வாசல் மண்ணில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகும்.

உடம்புக்கு ஈயத்தைக் கால்சியத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பிக் குழந்தைக்கும் போகும். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் இதைக் குழந்தைகளின் பால்பற்களில் தேடினார். நம் வீடுகளில் பால்பல் விழுந்தால் கூரைமேல் எறிவார்கள். அவர் அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, அதிலிருந்த ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தார்கள். 1979இல் அது வெளியானது. அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியபின், 1976க்கும் 1980க்கும் இடையில் மக்களின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 விழுக்காடு இறங்கியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு.

நான் தொழில் பழகியது 1980களின் கடைசியில், குளுவாங்கில். அக்காலப் பட்டறைகளில் சோப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. கிரீஸ் போகக் கை கழுவுவது பெட்ரோலில். கார்புரேட்டரைக் கழற்றி ஊறப்போடுவது பெட்ரோலில். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமென்றால், ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். சற்றுத் தாமதித்தால் வாய் நிறையப் பெட்ரோல். துப்பிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மற்ற ஈயச் சேர்மங்களைப் போலன்றி டெட்ரா எத்தில் ஈயம் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். வயதான மெக்கானிக்குகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "பட்டறைக்காரனுக்குக் கோபம் அதிகம்" என்பார்கள். இன்னாருக்கு வந்த நோய் ஈயத்தால்தான் வந்தது என்று இன்றைக்கு நான் சொல்ல முடியாது, அளந்து பார்த்தவர் யாருமில்லை. ஆனால் ஈயம் ஏறிய உடம்புக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிகுறிகளைப் படிக்கும்போது சில முகங்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் பெட்ரோலில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1985இல் வந்தன. 90களில் ஈயமில்லாப் பெட்ரோல் பரவியது, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் பழையது மறைந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில், இலங்கையில் 2002இல். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியபோது, டேட்டன் நகரில் முதல் லிட்டர் விற்று 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறிய பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் மட்டும் ஈயம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஈயம் போனதற்குச் சுகாதாரம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்களின் எக்சோஸில் வினையூக்கி மாற்றி வந்தது. நாங்கள் 'கேட்டலிட்டிக்' என்போம். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற ஒரு பொருள் அதற்குள் இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒரே நேரத்தில் அது மாற்றும். அதற்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகாமல் இருக்க வேண்டும். ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். குழந்தைகளின் மூளைக்காகச் செய்யத் தயங்கியதைக் கேட்டலிட்டிக்குக்காக வேகமாகச் செய்தார்கள் என்று எனக்கொரு ஆதங்கம் உண்டு.

பெட்ரோலில் இயல்பாக இருக்கும் கந்தகமும் கேட்டலிட்டிக்கை மந்தமாக்கும். யூரோ 2எம் தரத்தில் பத்து லட்சத்துக்கு 500 பங்குவரை கந்தகம் இருக்கலாம். யூரோ 4எம் தரத்தில் 50தான். ரோன் 97க்கு 2015இலும் ரோன் 95க்கு 2020இலும் இது வந்தது. விளம்பரப் பலகையில் கூச்சல் போடாமல் நடந்த மாற்றம். புகையைப் பொறுத்தவரை எந்தப் புட்டியும் செய்யாத வேலையை இது செய்திருக்கிறது.

ஈயம் போன இடத்தை நிரப்ப வேறு பொருள்கள் வந்தன. ஒன்று எம்.டி.பி.இ. என்ற ஈத்தர். மெர்சிங்கிலிருந்து இதே கரையோரமாக வடக்கே போனால் குவாந்தான் பக்கம் கெபெங்கில் பெட்ரோனாஸ் அதைத் தயாரிக்கிறது. ஆக்டேனைக் கூட்டும், தன்னிடமுள்ள ஆக்சிஜனால் கார்பன் மோனாக்சைடையும் குறைக்கும். ஆனால் நிலத்தடித் தொட்டி கசிந்தால் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம் 1996இல் தன் குடிநீர்க் கிணறுகளையே மூட வேண்டி வந்தது.

இன்னொன்று மாங்கனீசு கொண்ட எம்.எம்.டி. இங்குதான் நம் புட்டிக் கதை தொடங்குகிறது. 'ஆக்டேன் பூஸ்டர்' என்று விற்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பது இதுவோ, இரும்பு கொண்ட ஃபெரோசீனோதான். இரண்டும் ஆக்டேனைக் கூட்டும், அதில் பொய் இல்லை. ஆனால் புட்டியில் '30 பாயிண்ட் கூடும்' என்று எழுதியிருந்தால் 95 என்பது 125 ஆகிவிடாது. அவர்கள் கணக்கில் பத்துப் பாயிண்ட் சேர்ந்ததுதான் ஒரு ஆக்டேன். முப்பது பாயிண்ட் என்றால் மூன்று. அதாவது 95 போட்டு, முப்பது வெள்ளிக்குப் புட்டியும் வாங்கி, ரோன் 97க்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். பக்கத்துக் குழாயிலேயே 97 இருக்கிறது.

அதோடு நின்றால் பரவாயில்லை. உலோகம் எரிந்து காணாமல் போகாது. மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடாகிப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செங்கல் நிறத்தில் படியும். அந்தப் படிவு வழியாக மின்சாரம் கசியும், பொறி தவறும். பொறி தவறினால் எரியாத பெட்ரோல் அப்படியே எக்சோஸுக்குப் போய்க் கேட்டலிட்டிக்கில் எரியும். அதை மாற்ற ஆகும் செலவு புட்டி விலையைப்போல் பல மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் பெட்ரோலில் மாங்கனீசை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

சரி, சுத்தம் செய்யும் மருந்து? இங்கே என் பதில் வேறு. இது வேலை செய்யும் சரக்கு. பெட்ரோலில் உள்ள சில பகுதிகள் சூட்டில் பிசினாக மாறும். இன்ஜெக்டரின் துளை தலைமயிர் அளவுதான். அதில் பிசின் சிறிது படிந்தாலே, பூமழை போல் தூவ வேண்டிய பெட்ரோல் ஒரு பக்கமாக ஒழுகும். ஒழுகிய துளி முழுதாக எரியாது. கறுப்புப் புகை, நடுங்கும் ஓட்டம், காலையில் கிளம்ப மறுப்பது எல்லாம் அதிலிருந்துதான். பாலியீத்தர் அமைன் போன்ற மருந்துகளின் மூலக்கூறில் ஒரு முனை படிவைப் பற்றிக்கொள்ளும், மறு முனை பெட்ரோலில் கரையும். பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை இழுப்பது போல. அமெரிக்கா 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு சுத்திகரிப்பு மருந்தைக் கட்டாயமாக்கியது.

கிடங்கில் எண்ணெய் லாரியை நிரப்பும்போதே அந்தந்த நிறுவனம் தன் மருந்தைச் சேர்த்துவிடுகிறது. பத்து லட்சத்தில் சில நூறு பங்கு. அடிப்படைப் பெட்ரோல் ஒரே ஆலையிலிருந்து வந்திருந்தாலும் நிறுவனங்களுக்கு இடையே வேறுபாடு வருவது இந்தப் புள்ளியில்தான். ஒழுங்கான நிலையத்தில் தொடர்ந்து எண்ணெய் போடுபவரின் தொட்டியில் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பழைய கார், நெடுநாள் கிடந்த கார், இன்ஜெக்டர் அடைத்த அறிகுறி உள்ள கார் என்றால் பாலியீத்தர் அமைன் என்று தெளிவாக எழுதிய புட்டி ஒன்றை ஊற்றி, அந்தத் தொட்டி முழுவதையும் நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்க்கச் சொல்வேன். ஜொகூர் பாரு போய்வந்தாலே போதும். மாதாமாதம் வேண்டாம்.

புதிய டர்போ கார்களில் இந்த மருந்துக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. முன்பு இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னால் இருந்தது. பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இப்போது பல கார்களில் நேராக உருளைக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். வால்வில் பெட்ரோலே படுவதில்லை. அதில் படியும் கரியைத் தொட்டியில் ஊற்றும் எந்த மருந்தாலும் தொட முடியாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் சொன்னால் புட்டியோடு வந்தவர் முகம் வாடிவிடும். என்ன செய்வது?

'எண்ணெய் முப்பது விழுக்காடு மிச்சம்' என்று சொல்லி விற்கும் மாத்திரை, காந்தம், புட்டி வகையறாவுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட சாதனங்களையும் பொருள்களையும் நூற்றுக்கு மேல் ஆராய்ந்துவிட்டது, குறிப்பிடத்தக்க மிச்சம் தந்தது ஒன்றுமில்லை. தமிழர்களுக்கு இதில் தனி அனுபவமே உண்டு. 1996இல் இராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்கிக் காட்டுவதாகச் சொன்னபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. இங்கேயும் நம் பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடையில் வாதாடியவர்கள் உண்டு. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. சரியாக இயங்கும் இயந்திரத்தில் உள்ளே போகும் பெட்ரோலில் ஏறத்தாழ முழுவதும் எரிந்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்றால், அதிலிருந்து முப்பதை எப்படி மிச்சம் பிடிப்பது?

நம் ஊர் என்றால் கடலையும் பேச வேண்டும். பழைய இரண்டடி வீச்சுப் படகு இயந்திரங்களில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே ஊற்றுகிறோம். உள்ளே வரும் புதுக் கலவையே எரிந்த புகையைத் தள்ளி வெளியேற்றுவதால், பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலேயே தண்ணீருக்குள் போகிறது. முகத்துவாரத்தில் மிதக்கும் வானவில் நிறப் படலத்தில் அதற்கும் பங்குண்டு. காசு குறைவு என்று மோட்டாருக்கு விற்கும் 2டி எண்ணெயைப் படகில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் எண்ணெயில் உலோகச் சேர்க்கை இருக்கும், எரிந்தால் சாம்பல் தங்கும். படகு இயந்திரத்துக்கான டி.சி.டபிள்யூ.3 எண்ணெயில் சாம்பல் தராத மருந்துகள் மட்டுமே. படகு இயந்திரம் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் கங்காகக் கனன்று, பிளக் பொறி விடுமுன்பே தீ வைத்துவிடும். நடுக்கடலில் பிஸ்டனில் ஓட்டை விழுந்தால் இழுத்துவர இன்னொரு படகு வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினர்கள் தொலைபேசியில் கேட்பது இன்னொரு கேள்வி. அங்கே இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். மைலேஜ் குறைகிறதே, ஏமாற்றுகிறார்களா? ஏமாற்று இல்லை, கணக்கு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றிலொரு பங்கு குறைவு. ஐந்திலொரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறு, ஏழு விழுக்காடு சக்தி குறையும். ஆக்டேன் கூடும், கார்பன் மோனாக்சைடு குறையும். அதற்கேற்ற ரப்பர் பாகங்கள் இல்லாத பழைய வண்டிகளுக்குச் சிரமம். மிட்ஜ்லி ஒதுக்கிய ஆல்கஹால் நூறாண்டுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது. இங்கே பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் இல்லை. படகுக்காரர்களுக்கு அது நிம்மதி, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் தியோமான் படகுகள் குறைந்துவிடும், சிறிய படகுகள் கரையேறும். பிப்ரவரிவரை இயந்திரம் சும்மா கிடக்கும். அதற்குள் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகும், மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகும். சுத்திகரிப்பு ஆலையிலேயே ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள், ஆனால் அது பல மாதக் கிடப்புக்குப் போதாது. செம்புக் குழாய் இருந்தால் இன்னும் வேகமாகக் கெடும். எரிபொருள் நிலைப்படுத்தி என்று விற்கும் புட்டி இங்கே உண்மையிலேயே உதவும், புதுப் பெட்ரோலில் கலந்து, இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓட்டி, கார்புரேட்டர்வரை அது போய்ச் சேர்ந்தால். புளித்து வார்னிஷ் வாடை வரும் பெட்ரோலில் ஊற்றினால் பயனில்லை. காசில்லாத வழியும் உண்டு. பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். வடித்ததில் கை கழுவ வேண்டாம். ஈயம் போய்விட்டாலும் பென்சீன் இருக்கிறது, அது இரத்தப் புற்றுநோய் தரும் பொருள். என் பட்டறையில் கை கழுவ ஒரு டப்பா பசைச் சோப்பும், எண்ணெய் மாற்ற ஏழெட்டு வெள்ளிக் கைப்பம்பும் இருக்கின்றன.

வடித்த கையோடு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். இலேசான பழுப்பு அல்லது சாம்பல் என்றால் எரிப்பு சரியாக நடந்திருக்கிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. ஈரமான கறுப்பு என்றால் எண்ணெய்க் கலவை அதிகம், இரண்டடி வீச்சு இயந்திரத்தில் அளவுக் குவளையைப் பாருங்கள். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அதிகச் சூடு. செங்கல் நிறம் இருந்தால் யாரோ புட்டி ஊற்றியிருக்கிறார்கள், பிளக்கை மாற்றிவிட்டு அந்தப் புட்டியை நிறுத்துங்கள்.